அன்பினாலும் பிரியத்தினாலும்

பத்திரம் எழுதுவது என் தொழில். தியாகராய நகரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம், எனக்கு ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் உண்டு. முப்பது வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் யார் வீடு யார் கைக்குப் போனது என்று கேட்டால் ஓரளவு சொல்லிவிடுவேன். ஏன் போனது என்று கேட்டால்தான் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

கிரயப் பத்திரத்தில் அந்தக் கேள்வியே வராது. ஒருவர் பணம் கொடுக்கிறார், இன்னொருவர் வீட்டைக் கொடுக்கிறார், முடிந்தது. தான செட்டில்மெண்ட் அப்படியில்லை. அப்பா மகளுக்கு எழுதி வைப்பார், அண்ணன் தம்பிக்கு எழுதி வைப்பார், பணம் கைமாறாது. சும்மா கொடுத்தேன் என்று எழுதினால் ஆயிரம் கேள்வி வரும். கொடுப்பதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். அதற்காக எங்களிடம் ஒரு வரி இருக்கிறது. ‘தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும், யாதொரு பிரதிபிரயோஜனமும் இன்றி.’ எனக்கு முன்னால் எழுதியவர்களும் இதைத்தான் எழுதினார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு எழுதுவதுகூட இல்லை. பழைய பத்திரத்தைத் திறந்து பெயரையும் சொத்து விவரத்தையும் மாற்றுவேன். அந்த வரியில் கை வைக்க மாட்டேன்.

ஒரு தடவை அசோக் நகரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வீட்டை இரண்டாவது மகன் பேருக்கு எழுத வேண்டும். மகன் போட்டோ எடுக்க வெளியே போன நேரம் பார்த்து என் காதருகே குனிந்தார்.

“இந்தப் பய மேல எனக்கு ஒரு பிரியமும் கெடையாது நைனா. சோறு போட்டுக்கினு கீறது இவன் பொண்டாட்டி. அவ பேர்ல எழுதுனா இவன் குதிப்பான். நீ வழக்கமா இன்னா போடுவியோ அத்த போட்டு உடு.”

வழக்கமாகப் போடுவதைப் போட்டேன். பெரியவர் ரேகை வைத்தார். எனக்கு அதில் சிரிப்பும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. இப்படி நூறு பார்த்தாயிற்று.

என் மனைவி ஆசிரியை. மயிலாப்பூரில் பங்குக் கோயிலை ஒட்டிய ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள். இரண்டு பேர் குடும்பமும் பல தலைமுறையாக அதே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கி, அதே கோயிலில் தாலி கட்டி, அதே கல்லறையில் அடங்கியவர்கள். அவள் கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் பிழை பார்த்த பிறகுதான் தேதியைப் பார்ப்பாள். பள்ளி லீவு நாட்களில் என் கடைக்கு வந்து உட்காருவாள். சாட்சி குறைந்தால் கையெழுத்துப் போடுவாள். முன்பின் தெரியாத எத்தனையோ பேர் பத்திரங்களில் இரண்டாம் சாட்சியாக அவள் பெயர் இருக்கிறது. அதை மட்டும் அவள் படிக்க மாட்டாள். நான் விரல் வைத்த இடத்தில் போடுவாள்.

அந்தப் பழக்கத்தை நான்தான் கெடுத்தேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் என் தம்பிக்கு வேலை போயிற்று. மூன்று பெண் குழந்தைகள் அவனுக்கு. மயிலாப்பூரில் அப்பா விட்டுப்போன வீட்டில் கீழே அவனும் மேலே நாங்களும் இருந்தோம். மேல் பாகம் என் பேரில். அதில் சமையலறைக்கு டைல்ஸ் போட்டது, மழை ஒழுகாமல் தளம் போட்டது, தண்ணீர்த் தொட்டி வைத்தது எல்லாம் அவள் சம்பளம். அதையும் தனக்கு எழுதிக் கொடுத்தால் மொத்தமாக வைத்துக் கடன் வாங்கித் தொழில் தொடங்குவேன் என்றான் தம்பி. சரி என்றேன். மனைவியிடம் கேட்டால் கூடாது என்பாள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. அண்ணன் என்றால் இவன்தான் அண்ணன் என்று பங்குக் கோயிலில் நாலு பேர் பேசுவார்கள் என்ற எண்ணமும் இருந்தது. இதை இப்போது ஒளித்து என்ன ஆகப்போகிறது?

பதிவு நாள் அன்று வரவேண்டிய சாட்சி வரவில்லை. டோக்கன் நேரம் நெருங்கிவிட்டது. புத்தி எங்கே போயிற்றோ, அவளுக்குப் போன் போட்டேன். “ஒரு சாட்சி குறையுது, சாப்பாட்டு பெல் அடிச்சதும் ஆட்டோ புடிச்சு வா” என்றேன். அவள் வந்தாள். கையில் சாக்பீஸ் தூள். நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடும்போது பக்கத்துத் தாளில் சொத்து விவரம் கண்ணில் பட்டிருக்கிறது. வடக்கே இந்தச் சந்து, கிழக்கே இன்னாருடைய வீடு, தெற்கே பொதுச்சுவர், மேற்கே கோயில் மதில். தன் வீட்டின் நான்கெல்லை யாருக்குத்தான் தெரியாது? தாளைத் திருப்பி முதலிலிருந்து படித்தாள். அந்த வரியில் அவள் கண் நின்றதைப் பார்த்தேன். பிறகு தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

“ஸ்கூலுக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதோடு சரி. சண்டை இல்லை, அழுகை இல்லை. மூன்று மாதத்தில் தரமணியில் ஒரு மாடி வீடு பார்த்து வாடகைக்குப் போனோம். அவள் பறக்கும் ரயிலில் மயிலாப்பூருக்குப் போய் வந்தாள். சமைத்தாள், பூசைக்கு வந்தாள், எங்கள் மகளுக்குக் கல்யாணம் செய்து பெங்களூருக்கு அனுப்பினாள். என்னிடம் கேஸ் வந்ததா, கரண்ட் பில் கட்டியாச்சா, இவ்வளவுதான். என் கடைக்கு மட்டும் அதன் பிறகு அவள் வரவே இல்லை. தம்பியின் தொழிலும் இரண்டு வருஷத்தில் படுத்துவிட்டது, வீட்டை மட்டும் எப்படியோ தக்கவைத்துக்கொண்டான்.

எனக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு வெளியே நல்ல வெயில். அடையாறு பக்கம் அந்த மருத்துவமனை. கீழே வந்து கரும்புச்சாறு வாங்கிக் குடித்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, இனிமேல் தண்ணீரே அளந்துதான் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மீதிச் சாற்றைக் கொட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். பயமாக இருந்ததா என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். இல்லை. யாரோ ஒருவருடைய பத்திரத்தை வாசித்துக் காட்டியது போல் இருந்தது.

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ஒரு சாய்வு நாற்காலியில் கிடக்க வேண்டும். எதிரே டிவியில் சத்தமில்லாமல் சீரியல் ஓடும். பக்கத்து நாற்காலியில் கிண்டியில் லேத் பட்டறை வைத்திருந்தவர் ஒருவர் தூங்கிக்கொண்டே இருப்பார். ஒருநாள் அவர் நாற்காலியில் வேறு ஆள் இருந்தார். நர்ஸிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது, தெரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. தம்பி இரண்டு மூன்று தடவை பார்க்க வந்தான். ஒவ்வொரு தடவையும் ஆரஞ்சும் வாழைப்பழமும் வாங்கி வருவான், இரண்டுமே நான் தொடக்கூடாதவை. சிறுநீரகம் தர அவன் தயாராகத்தான் இருந்தான். சர்க்கரை இருப்பதால் டாக்டர் முதல் நாளே அவனைக் கழித்துவிட்டார்.

மகள் தருகிறேன் என்று பெங்களூரிலிருந்து போனில் அழுதாள். “ஒனக்கு இன்னும் புள்ள பொறக்கல, போனை வை” என்று மனைவி முடித்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை. அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு மேட்ச் ஆவுதாம்” என்றாள்.

“இன்னாது?”

“கிட்னி. போன வாரமே டெஸ்ட் குடுத்தேன். ரிசல்ட் வந்துடுச்சு.”

நான் பேப்பரை மடித்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. நன்றி என்று சொல்ல முடியுமா? ஆட்டோக்காரரிடம் சொல்வது அது. எங்கள் வீடுகளில் பெண்டாட்டியிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை, சொன்னால் அவளை வெளியாள் ஆக்கியது போலாகும். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. “லீவு கெடைக்குமா ஒனக்கு?” என்று கேட்டேன். பத்து வருஷத்தில் அவள் என்னிடம் தானாக வந்து சொன்ன முதல் விஷயம் அது. அதற்கு நான் கேட்டது லீவைப் பற்றி.

“மெடிக்கல் லீவு இருக்கு” என்றாள்.

சட்டப்படி அதற்கு ஒரு கமிட்டி உண்டு. கணவன் மனைவிதானா, பணம் வாங்கிக்கொண்டு தருகிறார்களா, யாராவது மிரட்டுகிறார்களா என்று பார்ப்பார்கள். கல்யாணச் சான்று, ஆல்பம், சமீபத்தில் சேர்ந்து எடுத்த போட்டோ எல்லாம் வேண்டும் என்றாள் மருத்துவமனையில் இதைக் கவனிக்கும் பெண். பங்கு அலுவலகத்தில் திருமணப் பதிவேட்டைப் பார்த்துச் சான்று எழுதித் தந்தார்கள். வரும்போது அந்தச் சந்து வழியாகத்தான் வந்தோம். எங்கள் பழைய வீட்டு மாடியில் தம்பியின் பெண்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். மனைவி தலையைத் திருப்பவில்லை. சேர்ந்து எடுத்த போட்டோதான் கிடைக்கவில்லை. மகள் கல்யாணத்தில்கூட எங்களுக்கு நடுவில் யாராவது நின்றிருந்தார்கள். கடைசியில் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்து ஒன்று எடுத்தோம். “இன்னும் கொஞ்சம் க்ளோஸா சார்” என்று போட்டோக்காரர் மூன்று தடவை சொன்னார்.

அப்புறம், மனைவி தன் விருப்பத்தின் பேரில் தருகிறாள் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்றார்கள். வெளியே யாரிடமோ போய் எழுதுவானேன், நானே எழுதுகிறேன் என்றேன். வீட்டில் உட்கார்ந்து அரை மணியில் அடித்தேன். கை பழகிய வழியில் போயிற்று. அடித்து முடித்து அவளிடம் கொடுத்தேன். அவள் சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

‘என் உடலில் உள்ள இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றை’ என்ற இடம்வரை சும்மா படித்தாள். ‘மேற்படி சிறுநீரகத்தின் பேரில் முன் வில்லங்கம் ஏதும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்’ என்ற இடத்தில் அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. ‘இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்பதற்குச் சிரித்தேவிட்டாள். எத்தனை வருஷமாயிற்று அவள் சிரித்து! எனக்கும் அப்போதுதான் என்ன அடித்து வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு மேற்கொண்டு படித்து அந்த ‘அன்பினாலும் பிரியத்தினாலும்’ வரிக்கு வந்துவிட்டாள். சிரிப்பு போய்விட்டது.

“ஒங்க தம்பிக்குப் போட்ட அதே வரிதானே இது?”

“எல்லாருக்கும் போடற வரி அது.”

“அவருக்குப் போட்டத எனக்குப் போடாதீங்க.” நிதானமாக அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தாள். “வேற எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்.”

“அந்த வரி இல்லாட்டி ஒத்துக்க மாட்டாங்க. பணம் வாங்கலேன்னா பாசம்தான் காரணம். வேற காரணம் எதுவும் சட்டத்துல இல்ல.”

“அப்ப வேற வார்த்தையில எழுதுங்க. முப்பது வருஷமா எழுதறீங்க, ஒரு வார்த்தை கெடைக்காதா?”

கிடைக்கவில்லை. பத்து நாள் தேடினேன். டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்தபடி தேடினேன். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நடக்கும்போது தேடினேன். விலைமதிப்பற்ற என்று எழுதலாமா என்று யோசித்தபோதே உஸ்மான் சாலையில் அந்த வார்த்தை என் தலைக்கு மேலே இருந்தது. பாலம் உயரத்துக்கு ஒரு நகைக்கடை போர்டு, அதற்குக் கீழேயே செய்கூலி எத்தனை சதவீதம் என்று போட்டிருந்தது. ஈடு இணையற்ற என்பது மந்தைவெளிச் சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலியில் ஒட்டியிருந்தது, அதில் பாதிப் பேர் யாரென்று பக்கத்துத் தெருவுக்கே தெரியாது. தன்னலமற்ற என்பதை வட்டச் செயலாளர் ஒருவர் தன் பேனரில் தானே போட்டுக்கொண்டிருந்தார். அளவில்லாத என்றால் செல்போன் திட்டம். தியாகம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தவக்காலத்துப் பிரசங்கம் மாதிரி இருந்தது. அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டே சொன்ன விஷயத்துக்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தமே இல்லை.

எல்லா வார்த்தையிலும் யாரோ ஏற்கெனவே குடியிருந்தார்கள். அந்த வரியைச் சும்மா சும்மா போட்டுத் தேய்த்ததில் என் பங்கு எவ்வளவு என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கமும் எங்கோ தூரத்தில் இருந்தது.

கமிட்டி நாள் குறித்தாகிவிட்டது. பத்திரம் இன்னும் தயாராகவில்லை என்று அந்த மருத்துவமனைப் பெண்ணிடம் சொன்னேன். “நீங்க எதுக்கு சார் எழுதறீங்க? எங்க ஃபார்மே இருக்கே!” என்று அச்சடித்த தாளை எடுத்து வைத்தாள். இங்கிலீஷில் இருந்தது. பார்த்தேன். அதே வரிதான், வெள்ளைக்காரன் பாஷையில். மனைவிக்கு முன்னால் தாளை வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் அந்தப் பெண் விரல் வைத்தாள். மனைவி அந்த விரலை மெதுவாக நகர்த்திவிட்டு முதல் பக்கத்தைத் திருப்பினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். மூன்று பக்கம். புரியாத இடங்களில் கேட்டாள். பின்னால் இரண்டு குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. நானும் நின்றுகொண்டே இருந்தேன்.

படித்து முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். “இது இவங்க எழுதினது, நீங்க எழுதினது இல்ல. பரவாயில்ல” என்றாள்.

கமிட்டியில் மூன்று பேர். நடுவில் ஒரு வயதான டாக்டரம்மா. மூலையில் வீடியோ கேமரா. வெளியே அந்தப் பெண் எங்களுக்குப் பாடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்: “பாசத்துல தரேன்னு சொல்லுங்க மேடம், போதும். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்.” ஆல்பத்தைப் புரட்டினார்கள். பணம் ஏதாவது தருவதாகச் சொன்னாரா என்று கேட்டார்கள். “இவர்கிட்ட ஏது?” என்றாள் மனைவி. ஓரத்தில் இருந்தவர் சிரித்தார். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“நீங்க ஏன்மா தர்றீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா.

மனைவி வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பது போல நேராக உட்கார்ந்தாள்.

“பத்து வருஷம் முன்னாடி இவர் ஒரு காரியம் பண்ணார் டாக்டர். அதப் பத்தி இவர்கிட்ட ஒண்ணு கேக்கணும். இன்னும் கேக்கல.”

“என்ன காரியம்?”

“அது எங்க வீட்டு விஷயம்.”

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். டாக்டரம்மா என்னை ஒருமுறை பார்த்தார். “உங்களுக்கு இவர்மேல கோபமா?”

“ஆமா.”

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். எத்தனை பதிவு இப்படி நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். கடைசி நிமிஷத்தில் எழுதிக் கொடுப்பவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும், அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிடுவார். இந்த மேசையில் பேனா கீழே வைக்கப்பட்டால் எனக்கு மறுபடி அந்த நாற்காலியும் சத்தமில்லாத சீரியலும்தான், கொஞ்ச நாளில் அதில் வேறு ஆள் உட்காருவார். நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னது பொய் இல்லையே.

“கோபம்னா எதுக்கும்மா குடுக்கணும்? யாராவது கட்டாயப்படுத்தறாங்களா? இங்க தைரியமா சொல்லலாம்.”

“யாரும் கட்டாயப்படுத்தல. இவர் போய்ட்டா நான் யார்கிட்ட கேக்கறது?” என்றாள். குரலில் ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. “கேக்கத்தான் போறேன். எப்பன்னு தெரியல. அதுக்கு இவர் இருக்கணும்.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு தாளில் எழுதினார். தலைகீழாக இருக்கும் எழுத்தைப் படிப்பது எங்கள் தொழிலில் தானாக வந்துவிடும். காரணம் என்ற கட்டத்தில் அவர் எழுதியது அந்த அச்சடித்த தாளில் இருந்த அதே இங்கிலீஷ் வரி. அவரிடமும் வேறு இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன் நடந்தது. மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். அவளை முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள். மூக்குத்தியைக் கழற்றச் சொல்லியிருந்ததால் முகம் வேறு யாருடையதோ போல் இருந்தது. போகும்போது “ஃப்ரிட்ஜ்ல தோசை மாவு இருக்கு, பொண்ணுகிட்ட சொல்லிடுங்க” என்றாள். சொல்கிறேன் என்றேன். அவள் கொடுத்தது எனக்குள் வைத்த உடனே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பங்குச்சாமியார் வந்து ஜெபம் செய்தார். நானும் கை கூப்பினேன், சந்தோஷம் மட்டும் வரவில்லை. எல்லாம் மருந்து மயக்கம் என்று நினைத்தேன். மயக்கம் தெளிந்து வாரங்கள் ஆன பிறகும் அப்படியேதான் இருந்தது.

அவளுக்கு இடது விலாவில் நீளமான தழும்பு. அதற்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குத் தோல் மரத்துவிட்டது. “கிள்ளினாலும் தெரியல” என்பாள். நரம்பு வளர்ந்து வர நாளாகும், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அவள் நோட்டுத் திருத்தும்போது இடது கை தானாக அங்கே போய்த் தட்டிப் பார்க்கும். இரண்டு மாதத்தில் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு ஆயுசுக்கும் மாத்திரை. காலை எட்டு, இரவு எட்டு, ஐந்து நிமிஷம் முன்பின் ஆகக்கூடாது. நேரம் தவறினால் உடம்பு அவள் கொடுத்ததை அந்நியம் என்று தள்ளிவிடும். இதைப் படம் போட்டெல்லாம் விளக்கினார்கள். நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சில நாள் ஒன்பது ஆகும், ஒருநாள் மறந்தே போயிற்று. சாக வேண்டும் என்று இல்லை. கடிகாரத்தைப் பார்த்தால் அது எனக்காக ஓடுகிறது என்று தோன்றவில்லை. ஒருவேளை அவள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கட்டும், திட்டட்டும், நானும் அழுதுவிடுகிறேன், கணக்கு முடியட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பும் முன், பீரோவிலிருந்து அந்தப் பழைய செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகலை எடுத்தேன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் வைத்தேன்.

“கமிட்டில சொன்னியே. கேளு. பதில் சொல்றேன்.”

அவள் சிவப்புப் பேனாவை மூடினாள். தாள்களைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்ப என் கையெழுத்து நல்லா இருந்திருக்கு” என்றாள். பிறகு பத்திரத்தை மடித்துத் தன் கைப்பைக்குள், ஜெபமாலை வைக்கும் அறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

“இப்ப கேக்க மாட்டேன்.”

“பின்ன எப்ப?”

“தெரியல. கேட்டுட்டா அப்புறம் ஒங்கள இருக்கச் சொல்றதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு?” சொல்லிவிட்டு மறுபடி பேனாவைத் திறந்தாள். ஒரு தாளில் மூன்று இடத்தில் டிக் போட்டாள். இடது கை விலாவுக்குப் போய்த் தட்டிப் பார்த்தது. தலையை நிமிர்த்தாமலே கேட்டாள், “எட்டு மணி மாத்திரை போட்டாச்சா?”

போடவில்லை. சுவரில் மணி எட்டு பத்து. டாக்டர் சொன்ன அன்றைக்கு வராத பயம், பக்கத்து நாற்காலி காலியான அன்றைக்கு வராத பயம், அந்த நிமிஷத்தில் வந்தது. செத்துப்போய்விடுவேனோ என்று பயந்தேன். உள்ளறைக்குப் போய் டப்பாவைத் திறந்தேன். அவசரத்தில் ஒரு மாத்திரை நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. தையல் போட்ட இடம் இழுக்க இழுக்க, தரையில் மண்டியிட்டுக் கையை நீட்டித் துழாவி அதை எடுத்தேன்.